ஒளியின் விசையும் நியூற்றனின் மூன்றாம் விதியும்

ஒளி பொருள்களைக் காட்டுகின்றது, அவற்றை வெப்பமாக்குகின்றது, தாவரங்கள் உணவு ஆக்குவதற்கு உதவுகின்றது. இவை யாவரும் அறிந்தவை. ஆனால் ஒளி பொருள்களைத் தள்ளவும் இழுக்கவும் வல்லது என்பதும், ஒன்றையொன்று தொடாத இரு துணிக்கைகளுக்கிடையே முன்பு இல்லாத ஒரு விசையைத் தோற்றுவிக்க வல்லது என்பதும் பரவலாக அறியப்பட்டவையல்ல. இவ்விசையை ஆராய்ந்தோர், பாடசாலையிலே நாம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட நியூற்றனின் மூன்றாம் விதியே பொய்த்துவிட்டதோ என எண்ணத்தக்க ஒரு தோற்றப்பாட்டைக் கண்டனர். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளியின் அமுக்கம்

வால்வெள்ளியின் வால் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்வதை நோக்கிய கெப்ளர், சூரிய ஒளியே அதனைத் தள்ளுகின்றதென 1619இல் கருதினார். 1873இல் மாக்சுவெல் தமது மின்காந்தக் கொள்கையிலிருந்து ஒளிக்கு அமுக்கம் உண்டென்ற முடிவைப் பெற்றார். மொஸ்கோவில் ஆய்வு நடாத்திய லெபதேவ் 1901இல் வெளியிட்ட பரிசோதனை இதனை உறுதிப்படுத்திற்று. ஒளி உந்தத்தைக் காவிச் செல்கின்றது. ஒரு பொருள் ஒளியை உறிஞ்சும்போதும், தெறிக்கச் செய்யும்போதும், திசைதிருப்பும்போதும் ஒளியின் உந்தம் மாறுகின்றது. அம்மாற்றம் பொருளின் மீது விசையாக வெளிப்படுகின்றது.

இவ்விசை மிகச் சிறியது. ஒரு வாற்று வலுவுள்ள ஒளிக்கற்றை முற்றாக உறிஞ்சப்படினும் விளையும் விசை ஒரு நியூற்றனின் 30 கோடியில் ஒரு பங்கேயாகும். எனினும், சிறிது என்பது எதனோடு ஒப்பிடப்படுகின்றது என்பதைப் பொறுத்ததன்றோ? ஒரு மைக்றோமீற்றர் விட்டமுள்ள பிளாத்திக்குக் கோளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிவாற்று ஒளியை அது முற்றாக உறிஞ்சுமாயின், அதன் மீது தொழிற்படும் விசை அதன் நிறையைப் போல் ஏறத்தாழ 600 மடங்காகும். நமது உலகிற் புறக்கணிக்கத்தக்க விசை, நுண்துணிக்கைகளின் உலகிற் பெருவிசையாகிவிடுகின்றது.

ஒளிப்பொறி

1960இல் இலேசர் தோன்றியமையால், செறிந்த ஒளியை ஒரு நுண்புள்ளியிற் குவிப்பது இயல்வதாயிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆதர் அஷ்கின், நீரில் மிதந்த நுண்கோளங்களின் மீது இலேசர்க் கற்றையைச் செலுத்தி, அதன் விளைவை 1970இல் வெளியிட்டார். கோளங்கள் கற்றையின் திசையில் தள்ளப்பட்டன, இது எதிர்பார்த்ததே. ஆனால் அவை கற்றையின் நடுப்பகுதிக்கு இழுக்கப்படவும் செய்தன.

இதன் காரணம் எளியது. ஒளியை ஊடுபுகவிடும் கோளம் ஒரு வில்லையைப் போன்றது. கற்றையின் நடுப்பகுதி செறிவு மிக்கது. கோளம் சற்று விலகி நிற்கும்போது, நடுப்பகுதியைச் சேர்ந்த வலிய கதிர்கள் கோளத்தினூடே முறிந்து வெளிப்புறமாகத் திரும்புகின்றன. அதன் எதிர்த்தாக்கமாகக் கோளம் உட்புறமாக இழுக்கப்படுகின்றது. 1986இல் அஷ்கினும் அவரது சகாக்களும் இறுகக் குவித்த ஒற்றைக் கற்றையினாலேயே துணிக்கைகளைப் பிடித்து நிறுத்தினர். அடுத்த ஆண்டிலேயே வைரசுகளும் பற்றீரியாக்களும் இப்பொறியில் அகப்பட்டன. இப்பணிக்காக 2018ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசில் அரைப்பங்கு அஷ்கினுக்கு வழங்கப்பட்டபோது அவருக்கு வயது 96.

இரு துணிக்கைகளுக்கிடையில்

இதுகாறும் ஒளிக்கும் ஒரு துணிக்கைக்கும் உள்ள தொடர்பையே நோக்கினோம். ஒரே ஒளியில் இரு துணிக்கைகள் இருப்பின் யாது நிகழும்? ஒவ்வொன்றும் தன் மீது படும் ஒளியைச் சிதறச் செய்கின்றது. சிதறிய ஒளி, வந்துகொண்டிருக்கும் ஒளியோடு தலையிட்டுச் செறிவு கூடிய இடங்களையும் குறைந்த இடங்களையும் உண்டாக்குகின்றது. மற்றைய துணிக்கை தனக்கு ஏற்ற இடத்தை நாடுகின்றது. 1989இல் பேர்ண்ஸ், பூர்னியே, கொலொவ்சென்கோ ஆகியோர் நீரிலிருந்த இரு கோளங்களைக் கொண்டு இதனைக் காட்டினர். கோளங்கள் விரும்பி நின்ற இடைத்தூரங்கள் ஒளியின் அலைநீளத்தின் மடங்குகளாய் அமைந்தன. இது ஒளிப்பிணைப்பு எனப்படும். அணுக்களைப் பிணைப்பன இலத்திரன்கள். இங்கோ பிணைப்பது ஒளி. ஒளியை அணைத்தால் பிணைப்பும் அற்றுப்போகும்.

நீரில் மூலக்கூறுகள் துணிக்கைகளை ஓயாது மோதுகின்றன. எனவே பிற்காலத்தார் வெற்றிடத்தை நாடினர். 2022இல் வியன்னாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர், மயிரிழையின் தடிப்பில் நூற்றிலொரு பங்கிலும் சிறிய இரு கண்ணாடிக் கோளங்களை, வெற்றிடத்தில் இரு இலேசர்க் கற்றைகளால் அருகருகே பிடித்து நிறுத்திய பரிசோதனையை வெளியிட்டனர். கற்றைகளின் அவத்தையை மாற்றியபோது கோளங்களுக்கிடையிலான தாக்கமும் மாறிற்று. அதுமட்டுமன்று, ஒன்று மற்றையதன் மீது செலுத்திய தாக்கமும், மற்றையது திருப்பிச் செலுத்திய தாக்கமும் சமனற்றனவாகவும் ஆக்கப்பட்டன.

இஃது எவ்வாறு இயலும்? முதற் கோளத்தை ஒளிர்விக்கும் அலை, இரண்டாவதை ஒளிர்விக்கும் அலையிலும் எட்டிலொரு சுற்று முந்தியிருப்பதாகக் கொள்வோம். இடைத்தூரத்தைக் கடப்பதில், முழுச் சுற்றுக்களை நீக்கிப் பார்த்தால், ஒளி எட்டிலொரு சுற்றுப் பிந்துவதாகவும் கொள்வோம். முதற் கோளத்தின் ஒளி இரண்டாவதை அடையும்போது முந்தலும் பிந்தலும் ஈடாகி, அங்குள்ள அலையோடு ஒத்திசைகின்றது, தாக்கம் உச்சமாகின்றது. எதிர்த்திசையிலோ இரு பிந்தல்களும் கூடிக் காற்சுற்று ஆகின்றன. அந்நிலையிற் சராசரித் தாக்கம் பூச்சியமாகின்றது. ஒன்று மற்றையதை ஆட்டுகின்றது. ஆனால் தான் அதனால் ஆட்டப்படுவதில்லை.

அவ்வாறாயின் தாக்கமும் எதிர்த்தாக்கமும் சமன் என்ற விதி யாதாயிற்று? விதி பொய்க்கவில்லை, நமது கணக்கே குறைபட்டது. இரு கோளங்களை மட்டும் எண்ணினோம். அவற்றிலிருந்து சிதறி வெளியேறும் ஒளியை எண்ணாது விட்டோம். அவ்வொளி எல்லாத் திசைகளிலும் சமமாகச் செல்வதில்லை. ஒரு பக்கம் மிகுதியாகச் செல்கின்றது. அது கொண்டுசெல்லும் உந்தத்தையும் சேர்ப்பின் கணக்கு நேராகிவிடும். கோளங்கள் இலேசரினால் இடையறாது ஊட்டப்படும் திறந்த தொகுதியாகும்; மூடிய தொகுதிக்குரிய முடிவை அதன் ஒரு பகுதியில் எதிர்பார்த்தமையே மயக்கத்திற்குக் காரணம்.

நுண்ணிய விசைகளை அளக்கும் கருவிகளுக்கும், பல துணிக்கைகளை விரும்பிய ஒழுங்கிற் பிணைத்து ஆராய்வதற்கும் இம்முறை வழிவகுக்கின்றது. அவற்றினும் முக்கியமாக நாம் கருதுவது அது உணர்த்தும் நோக்குமுறையாகும். இரு பொருள்களின் உறவில் ஏற்றத்தாழ்வு காணப்படும்போது அதனை அவற்றின் இயல்பென்று முடிவுகட்டுதல் தகாது. அவ்வுறவை எது ஊட்டுகின்றது, அதிலிருந்து எது வெளியேறுகின்றது என்பனவற்றையும் கணக்கிற் சேர்த்த பின்னரே முடிவு கூறுதல் வேண்டும்.