கடன் வழக்கில் குடியானவருக்குள்ள சட்டப் பாதுகாப்பு

மழை பொய்த்தாலும், தானியத்தின் விலை இறங்கினாலும், நோட்டில் ஏறும் வட்டி மாத்திரம் நிற்பதில்லை. கடன் கொடுத்தவர் கோர்ட்டில் பிராது செய்த பின்னர், சம்மனை வாங்காமல் மறைவதும் வாய்தாவுக்குப் போகாதிருப்பதும் குடியானவர்களிற் பலருக்கு வழக்கம். இதனினும் பெருங்கேடு வேறில்லை. வாங்க மறுத்த சம்மன் சார்வானதாகவே கொள்ளப்பட்டு, வழக்கு ஒருதலையாகத் தீர்ந்துவிடும். அதனை நீக்கக் கோருவதற்கும் 30 நாட் கெடுவே உண்டு.

ஆஜராகிறவர், தாம் செலுத்திய தொகைகளுக்கு ரசீதைக் காட்டி வரவு கேட்கலாம். கடனை ஒரே மூச்சில் தீர்க்க இயலாதென்று கூறித் தவணையும் கேட்கலாம். பணத்திற்கான டிக்ரி எழுதப்படும்பொழுது கோர்ட்டு தானாகவே தவணை விதிக்க இயலும். டிக்ரியான பின்னரோ, கடன் கொடுத்தவர் சம்மதித்தாலன்றித் தவணை கிடையாது. காலத்தில் வாய் திறவாதவர் இழப்பது எவ்வளவு என்பது இதனால் விளங்கும்.

1938-ஆம் வருஷத்துச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் கேட்டவர்க்கே முழுப்பயன் தந்தது. முதலைப்போல் இருமடங்கு கட்டித் தீர்த்த பழங்கடன்களை அச்சட்டம் அடியோடு நீக்கிற்று. எனினும், முன்னரே ஏற்பட்ட டிக்ரியைத் திருத்திக்கொள்ளக் கடன்பட்டவர் மனுச் செய்யவேண்டியிருந்தது.

ஜப்தி வந்தபோதிலும் யாவும் போய்விடுவதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, விவசாயியின் உழவுக் கருவிகளையும், பிழைப்புக்கு அவசியமென்று கோர்ட்டு கருதும் மாடுகளையும், விதைத் தானியத்தையும், அவர் குடியிருக்கும் சொந்த வீட்டையும் ஜப்தி செய்தல் கூடாது. இவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாக நோட்டிலேயே எழுதி வாங்கியிருந்தாலும் அவ்வெழுத்துச் செல்லாது. ஆனால் நிலத்துக்கு இப்பாதுகாப்பில்லை. அடமானம் வைத்த வீடும் அந்த அடமானக் கடனுக்குத் தப்பாது.

நிலம் ஏலத்திற் போய்விடினும் 60 நாட்களுக்குள் ஒரு வழியுண்டு. ஏல விளம்பரத்திற் கண்ட கடன் தொகையையும், ஏலம் எடுத்தவருக்காக ஏலத்தொகையில் நூற்றுக்கு 5 வீதமும் கோர்ட்டிற் கட்டி மனுக் கொடுத்தால், ஏலம் ரத்தாகும். கடன் தொகை முழுவதும் வேண்டுமாதலால், இது எளிதன்று. நிலத்தில் ஒரு பகுதியை உரிய காலத்தில் நல்ல விலைக்குத் தாமே விற்று அடைப்பதே பெரும்பாலும் லாபகரம்.

இங்கே விவசாயியென்பவர் யார் என்பதில் தகராறு எழுவதுண்டு. தாமாகவோ, குடும்பத்தாரைக் கொண்டோ, கூலியாட்களைக் கொண்டோ பயிரிட்டு, முக்கியமாய் அவ்வருமானத்தாலேயே ஜீவிப்பவரே விவசாயியாவார். விளைவிற் பங்கு கொடுத்து வாரத்துக்கு விட்டவர் அங்ஙனம் கருதப்படமாட்டார். ஆகையால், கிராம உத்தியோகஸ்தர்கள் ஒவ்வொரு போகமும் வயலை நேரிற் பார்த்து, சாகுபடி விவரங்களை அடங்கலிற் சரியாகப் பதியவேண்டும். ஜப்தியை ஆட்சேபிக்கும் குடியானவருக்கு அந்த நகல் நல்ல சாட்சியமாகும்.