தலைத்தோலில் வரப்புகள் எழுவது ஏன்?

கொழுந்துக்கூடைக் கயிறு அழுத்துவதால்தான் தலையில் வரப்பு எழுந்தது என்று ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் எண்ணினால் வியப்பில்லை. ஆனால் கயிறே படாத தலைகளிலும் அவை எழும்.

முதல் கேள்வி: எலும்பா, தோலா? மண்டையோட்டின் பொருத்துகள் கடினமாக, அசையாமல் தட்டுப்படும், அவை இயல்பானவை. தோல் தடித்து மடிந்தால் வரப்பு மெத்தென்றிருக்கும், அழுத்தினாலும் தட்டையாகாது. 1907இல் ஜேர்மன் வைத்தியர் உன்னா இதற்குக் 'கியூட்டிஸ் வெர்டிசிஸ் கைரேட்டா' என்று பெயரிட்டார்.

பருவமடைந்த பின் ஆண்களுக்கே இது அதிகம்; பலருக்குக் காரணம் தெரியாது. சிலருக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியிலுள்ள கட்டி, வளர்ச்சி ஹோர்மோனை மிகையாகச் சுரக்கும்; அப்போது கை, கால், தாடையும் பெருக்கும். அதனால்தான் செருப்பளவு மாறியதா என்று வைத்தியர் கேட்பார். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தோல் மாதிரி தேவைப்படலாம்.

மடிப்பிடுக்குகளைக் கழுவி உலர்த்துங்கள். வரப்பு புதிதாக எழுந்தால், நாட்டு எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் பதுளை போதனா வைத்தியசாலைக்குச் சென்று காட்டுங்கள்.