இரண்டு நாள் கழித்து அரிக்கும் செடி

மதுரைக்கு அருகே பரவையைச் சுற்றியுள்ள வைகைச் சமவெளியில், மழை பெய்தவுடன் தரிசுகளிலும் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் கேரட் இலை போன்ற இலைகளோடும் வெண்ணிறச் சிறு பூக்களோடும் தழைத்தெழும் பார்த்தீனியம், மனித உடலில் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான இருவகை ஒவ்வாமைகளைத் தூண்டவல்லது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இச்செடி 1950களில் புனே வட்டாரத்தில் கண்டறியப்பட்டது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்ப்பதால் விரைவில் நாடெங்கும் பரவிவிட்டது.

முதலாவது உடனடி ஒவ்வாமை. செடியின் மகரந்தத்தைப் பகையெனக் கொண்ட உடல் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்க, அது மூக்கின் சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மீண்டும் அதே மகரந்தம் வந்து அதனோடு பிணைந்ததும் அச்செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிட, சில நிமிடங்களிலேயே தும்மலும் மூக்கொழுகலும் கண்ணரிப்பும் தொடங்குகின்றன. இந்த எதிர்ப்பொருளை 1966இல் அடையாளங்கண்டவர்கள் ஆய்வாளர்களான இஷிசாகா தம்பதியர்.

இரண்டாவதே கொடியது. செடியின் நுண்மயிர்களிலும் மகரந்தத்திலும் உள்ள பார்த்தெனின் என்னும் மிகச் சிறிய மூலக்கூறு, தனித்து நின்று எதிர்ப்பைத் தூண்டாது. தோலின் புரதங்களோடு பிணைந்த பின்னரே அந்நியப் பொருளாக உணரப்படுகிறது. தோலிலுள்ள காவல் செல்கள் அதை நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்ல, அங்கே டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் அதனை நினைவில் பதித்துக்கொள்கின்றன. பல ஆண்டுகள் இச்செடியோடு புழங்கியும் ஒன்றும் நேராதிருந்த உழவருக்கும் இப்பதிவு ஒருநாள் நிகழக்கூடும். அதன்பின் ஒவ்வொரு தொடுகைக்கும் அந்த டி செல்கள் திரண்டு வர ஓரிரு நாள் ஆவதால், திங்களன்று களையெடுத்தவருக்குப் புதனன்று இமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தடிக்கின்றன. அவரோ முந்தைய நாள் உண்ட உணவைக் குறை சொல்கிறார். காற்றில் பறக்கும் துகள்களே போதுமாதலால், செடியைத் தொடாதவர்க்கும் இது வரும். 1963இல் ஆய்வாளர்கள் ஜெல், கூம்ஸ் இருவரும் ஒவ்வாமைகளை நான்காக வகுத்தபோது, உடனடி ஒவ்வாமை முதலாம் வகையாகவும் இது நான்காம் வகையாகவும் அமைந்தன.

இவ்வேறுபாடு மருத்துவத்திலும் முக்கியமானது. தும்மலை அடக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை இத்தோல் அழற்சியைத் தணிப்பதில்லை. செடியின் சாற்றை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனையால் காரணத்தை உறுதிசெய்து, மருத்துவர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு களிம்பு முதலியவற்றைப் பயன்படுத்த வேண்டும். மருந்துக் கடையில் தாமாகவே களிம்பு வாங்கி மாதக்கணக்கில் பூசுவது தோலை மெலியச் செய்துவிடும்.

இச்செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டும், களை ஒழியவில்லை. பூக்கும் முன்னரே வேரோடு பிடுங்குவதே நடைமுறைக்கு உகந்தது. அப்பணிக்கு ஆளனுப்பும் உள்ளாட்சி அமைப்புகள் கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் வழங்க வேண்டும், ஏற்கெனவே தோல் தடித்தவரை அதில் அமர்த்தவே கூடாது.