ஹீலா, சேல்ஸா, பாராவா?

அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டா வந்து, பஸ் மாறி, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பி.காம். இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிப் பிரிவில் உத்தியோகம். இன்க்ரிமென்ட்டுக்கு உதவுமே என்று ஜெர்மன் படிக்கிறார். ஜெர்மனியிலிருந்து வந்த கடிதத்தில் ‘அப்ஸட்ஸ்’ என்று ஒரு வார்த்தை. அகராதியைப் புரட்டினால் ‘ஷூவின் குதிகால்’ என்று போட்டிருக்கிறது. ‘அட, நம்ம தொழில் வார்த்தை!’ என்று குஷியாகும்போதே அடுத்த வரியில் ‘விற்பனை’ என்கிறது. அதற்கும் அடுத்த வரியில் ‘பத்தி’!

மனுஷன் எதைத்தான் எடுத்துக்கொள்வது?

வார்த்தையை விடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். ‘உயரமான’ என்று பொருள்படும் ‘ஹோஹ’ முன்னால் வந்தால், அது ஹீல். ஒரு எண் கூட வந்தால், பத்தி. ‘ஃபிண்டன்’ என்ற வினைச்சொல் பின்னால் வந்தால், விற்பனை. அதிலும் ‘ரைஸெண்டன் அப்ஸட்ஸ்’ என்று எழுதியிருந்தால் இனிப்பு வாங்கி வரலாம். ‘ரைஸன்’ என்றால் பிய்ப்பது. ‘உங்க ஷூ பிய்ந்துவிட்டது’ என்ற புகார் அல்ல சார். நம்மூர் பாஷையிலேயே ‘சரக்கு பிச்சுக்கிட்டுப் போகுது’ என்கிறான் ஜெர்மன்காரன்!

இதே வார்த்தைக்குப் பன்மை ‘அப்ஸெட்ஸெ’. படிக்கிறவர் அப்செட் ஆவது நியாயம்தான். ஒரு ஆறுதல்: விற்பனை என்ற அர்த்தத்தில் பெரும்பாலும் ஒருமைதான் வரும். பன்மையைப் பார்த்தால் ஹீல்களா, பத்திகளா என்று மட்டும் யோசித்தால் போதும்.

மூன்றுக்கும் வேர் ஒன்றே. ‘அப்ஸெட்ஸன்’ என்றால் இறக்கி வைப்பது. சரக்கைக் கைமாற்றி இறக்கினால் விற்பனை. எழுதுகிற வரியை நிறுத்தி அடுத்த வரிக்கு இறங்கினால் பத்தி. சோலுக்கு அடியில் படி மாதிரி நின்றால் ஹீல். மாடிப்படி நடுவே மூச்சு வாங்க நிற்கிறோமே, அந்த இடத்துக்கும் இதே பெயர்தான்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? 1989 டிசம்பரில் அன்றைய மேற்கு ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோஃபீனாலுக்குத் தடை போட்டது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்க முடியாது. 1994-ல் சில அஸோ சாயங்களுக்கும் தடை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகள் ரசாயனத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே சட்டத்தில் ஒரு ‘அப்ஸட்ஸ்’ மாறினால், இங்கே பாலாற்றங்கரை டிரம்மில் ஊற்றுவது மாறுகிறது; நம்முடைய ‘அப்ஸட்ஸ்’ படுத்துக்கொள்கிறது. முதலாவது பத்தி, இரண்டாவது விற்பனை. புரிந்ததா?

1900 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டத்தின் 433-வது பிரிவு விற்பனை பற்றியது. அதன் இரண்டாவது ‘அப்ஸட்ஸ்’, வாங்கியவர் பேசிய விலையைக் கொடுக்கவேண்டும், சரக்கையும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்கிறது. இதை ‘இரண்டாவது ஹீல்’ என்று மொழிபெயர்த்தால் பணம் வராது. நடந்து நடந்து நம்ம ஹீல்தான் தேயும்.

‘என்ன பாஷையடா!’ என்று அலுத்துக்கொள்ளுமுன் நம்ம ‘அடி’யைக் கொஞ்சம் பாருங்கள். ஆறடி ஆள், முதுகில் அடி, குறளுக்கு இரண்டு அடி, பாலில் அடி பிடித்தது... நாலும் வேறு வேறு. யாராவது அகராதி பார்த்தா பேசுகிறோம்? பக்கத்து வார்த்தை சொல்லிவிடுகிறது. பாதத்தையும் செய்யுள் வரியையும் நாம் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். ஹீலையும் பத்தியையும் அவர்கள் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள்.

அதனால், ஜெர்மன் படிக்கிற நண்பர்களே, நோட்டில் ‘அப்ஸட்ஸ் = குதிகால்’ என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். ‘உயரமான அப்ஸட்ஸ்’, ‘இரண்டாவது அப்ஸட்ஸ்’, ‘பிய்த்துக்கொண்டு போகும் அப்ஸட்ஸ்’ என்று மூன்று ஜோடியாக எழுதிக்கொள்ளுங்கள். ஷூ ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தரவேண்டுமா என்ன? ஒற்றைக் காலை வைத்து எந்தக் கடையில் வியாபாரம் நடக்கும்?