மறைந்து நிற்கும் மரபு

பாட்டியின் சாயல் மகனிடம் தோன்றாமல் பேத்தியிடம் தோன்றுவதுண்டு. இதன் சூட்சுமத்தைக் கண்டவர் ப்ர்னோ நகர மடத்துத் துறவி மெண்டல். உருண்டை விதைப் பட்டாணியைச் சுருங்கிய விதைப் பட்டாணியோடு அவர் கலந்தபோது, முதல் தலைமுறை விதைகள் முழுவதும் உருண்டை. அடுத்த தலைமுறையிலோ 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. 1865-இல் அவர் அறிவித்த கணக்கு இது. சுருக்கம் அழியவில்லை, மறைந்திருந்தது.

சில நோய்களும் இவ்வாறே. தாய், தந்தை இருவரும் நலமாயிருந்தும் ஒரே குறை இருவரிடமும் மறைந்திருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவில் மணப்போரிடம் இதற்கு இடம் அதிகம். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுக்களில் சராசரியாகக் கால் பங்கு பொது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் அரைக்கால். 'சொந்தம் விட்டுப்போகக் கூடாது' எனும் பெரியோர், ஜாதகத்தோடு மரபியல் மருத்துவரையும் நாடுதல் நலம். கோத்திரம் பார்த்தாயிற்றே என்பர். கோத்திரம் தந்தை வழியை மட்டுமே விலக்கும். மாமன் மகளும் அக்காள் மகளும் வேறு கோத்திரமே.