வெளிக்கள ஒலிபரப்பும் சிறு ஒலிக்கலவைக் கருவியும்

கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று நடுவணரசு 2002ஆம் ஆண்டு இசைவளித்தது. அதன் பயனாக 2004 பிப்ரவரி முதல் நாளன்று, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது. 2016இல் பாம்பனில் மீனவர்க்கெனக் 'கடல் ஓசை' தோன்றிற்று. நிலையத்திற்கு வர இயலாதோரின் குரலையும் மக்களிடம் சேர்ப்பதே இத்தகைய வானொலிகளின் சிறப்பு. அக்குரலை அவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே நேரடியாக ஒலிபரப்ப, மிக்ஸர் எனப்படும் சிறு ஒலிக்கலவைக் கருவி, இரண்டு ஒலிவாங்கிகள், ஹெட்ஃபோன்கள், இணைய வசதியுள்ள மடிக்கணினி ஆகியவை போதும். அவற்றை இணைக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, ஒலிவாங்கி. டைனமிக் வகைக்குத் தனி மின்சாரம் வேண்டா. கண்டென்சர் வகைக்குக் கலவைக் கருவியிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் தரவேண்டும். அவ்விசையை இயக்குமுன் ஒலியளவுக் குமிழ்கள் அனைத்தையும் தாழ்த்தி வைத்தல் நலம்.

இரண்டாவது, ஒலியின் அளவு. பேசுவோரை இயல்பான உரத்த குரலில் பேசச் செய்து, கெயின் குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். சிவப்பு விளக்கு எரியலாகாது. அளவு மீறிச் சிதைந்த ஒலியைப் பின்னர் முழுமையாகச் சீர்செய்ய இயலாது.

மூன்றாவதே தலையாயது. நிலைய அறிவிப்பாளரின் குரல் மடிக்கணினி வழியாக நம் கருவியின் மற்றொரு வழியில் வந்து சேர்கிறது. எல்லாக் குரல்களும் கலந்த முதன்மைக் கலவையை நாம் அப்படியே திருப்பி அனுப்பினால், அறிவிப்பாளர் தம் குரலையே சற்றுப் பிந்திக் கேட்பார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி பிந்தித் தன் குரலைக் கேட்பவருக்கு நாத் தடுமாறும் என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. எனவே, ஒவ்வொருவருக்கும் அவரவர் குரலைக் கழித்து ஏனையோர் குரலையே அனுப்ப வேண்டும். இதனை 'மிக்ஸ் மைனஸ்' என்பர்.

இதற்குத் துணையாவது ஆக்ஸ் குமிழ். ஒலிவாங்கி வழிகளின் ஆக்ஸ் குமிழ்களைத் திறந்து, நிலையக் குரல் வரும் வழியின் ஆக்ஸ் குமிழை முற்றிலும் மூடிவிட்டு, ஆக்ஸ் வெளியீட்டை ஒலி இடைமுகக் கருவி வழியாகக் கணினிக்குத் தர வேண்டும். முதன்மைக் கலவையை ஹெட்ஃபோனில் கேட்கலாம். யூ.எஸ்.பி. வசதியுள்ள கருவிகள் பலவற்றில் முதன்மைக் கலவையே கணினிக்குச் செல்லும் என்பதை மறத்தலாகாது. அவ்வாறாயின், நிலையக் குரலை ஹெட்ஃபோனுக்கு மட்டும் செலுத்தும் விசை உண்டா எனப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். ஒலிபெருக்கி வைத்தால் அதன் ஒலி ஒலிவாங்கியில் புகுந்து அதே தொல்லையைத் தரும்.

ஒலிபரப்புக்கு அரைமணி நேரம் முன்னரே, அறிவிப்பாளரை ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்ல வேண்டும். அவர் எண்ணியது அவருக்கே திரும்பக் கேட்டால் நம் இணைப்பில் பிழை. நாம் எண்ணியது நமக்கே திரும்பினால் நிலையத்தில் பிழை.

முதன்முறையாக ஒலிவாங்கி முன் அமரும் முதியவர் ஒருவர், தம் குரலின் எதிரொலியால் சொல் தடுமாறினால், குறை தம்முடையதென்றே எண்ணுவார். மீண்டும் பேச அழைத்தால் தயங்குவார். அவர் அறிந்த செய்தி நமக்குக் கிட்டாமலே போகும். வானொலிப் பணியில் ஈடுபடும் மாணவர்கள் ஒரு குமிழை மூடும் இச்சிறு கவனத்தைக் கடமையாகவே கொள்ளல் வேண்டும்.