கம்பியில்லாக் கருவியும் சம்பந்தி வீடும்

வீடு என்று ஒன்று இருந்தால், சுவரில் துளை போட வேண்டிய அவசியம் என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். காசியிலிருந்து வந்த சுவாமி படத்துக்கு ஓர் இடம் வேண்டும். ஜன்னல் திரைக்குக் கம்பி மாட்ட வேண்டும். சமையலறை அலமாரியின் கீல் தளர்ந்து, கதவைத் திறக்கும்போதெல்லாம் முனகுகிறது. ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினால், "நாளைக்கு வருகிறேன்" என்ற பதில் தவறாமல் வருகிறது, ஆசாரிதான் வருவதில்லை. இதில் அவரைக் குறை கூறுவதற்கில்லை. இரண்டு ஸ்குருவை முடுக்குவதற்காக அரை நாள் கூலியை இழந்து வருவது யாருக்குத்தான் கட்டுப்படியாகும்?

இந்த நிலையில்தான், "நாமே ஒரு டிரில் வாங்கி வைத்துக் கொண்டால் என்ன?" என்ற யோசனை குடும்பத் தலைவருக்கோ தலைவிக்கோ உதயமாகிறது. அதிலும் பாட்டரியில் ஓடும் டிரில். கடைக்காரர்கள் 'கார்ட்லெஸ்' என்று சொல்வது. கம்பியில்லாத் தந்தி வந்த காலத்தில் ஜனங்கள் அடைந்த வியப்பில் ஒரு பங்கு இதைக் கையில் எடுத்தவுடனே நமக்கும் உண்டாகிறது. பிளக்கைத் தேட வேண்டாம். வயரைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

ஆனால் கடைக்குள் நுழைந்ததும் உற்சாகம் குன்றிவிடுகிறது. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று கலர் கலராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். "எந்தக் கம்பனி நல்ல கம்பனி?" என்று எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு முன்னால், கேள்வியையே சற்றுத் திருத்திக் கொள்வது நலம்.

கொஞ்சம் வம்ச சரித்திரம்

கையில் பிடித்து வேலை செய்யக்கூடிய மின்சார டிரிலை ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்து ஃபைன் கம்பனியார் 1895-ம் ஆண்டில் செய்தார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பிளாக், டெக்கர் என்னும் இருவர் 1910-ல் ஒரு கம்பனியைத் தொடங்கினார்கள். கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும் விசையும் வைத்த டிரிலுக்கு அவர்கள் 1917-ல் காப்புரிமை பெற்றார்கள். இன்று கடையில் நாம் காணும் டிரில்கள் பெரும்பாலும் அந்த உருவத்தின் வாரிசுகளே. அதே கம்பனி 1961-ல் பாட்டரியில் ஓடும் டிரிலை வெளியிட்டது. பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1971-ல், அப்போலோ 15-ல் சென்றவர்கள் சந்திரனின் தரையைத் துளைத்துப் பார்த்ததும் பாட்டரி டிரிலைக் கொண்டுதான். அங்கே பிளக்கைச் செருக இடம் ஏது?

அந்நாளைய பாட்டரிகள் நிக்கலும் காட்மியமும் கொண்டவை. கனம் அதிகம், தாங்கும் நேரம் குறைவு. சோனி கம்பனியார் 1991-ல் லிதியம்-அயான் பாட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். 2003-ல் பாஷ் கம்பனி, 'இக்ஸோ' என்ற சிறிய ஸ்குரு முடுக்கும் கருவியில் அதைப் பொருத்தியது. அதன்பின் மாறுதல் வேகமாக நடந்தது. காட்மியம் விஷப் பொருளாகையால், ஐரோப்பிய யூனியன் 2016-ம் ஆண்டு முடிவோடு இத்தகைய கருவிகளில் அந்தப் பழைய பாட்டரிக்கு விடை கொடுத்து விட்டது. லிதியம்-அயான் பாட்டரிக்கு வழிகோலிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கருவியின் உருவம் நூறு வருஷத்துப் பழசு. அடிக்கடி மாறியது பாட்டரிதான். பாட்டரி மாறியபோது, மோட்டாரில் ஒரு குறையும் இல்லாத எத்தனையோ பழைய கருவிகள், புதுப் பாட்டரி கிடைக்காமல் பரணுக்குப் போய்ச் சேர்ந்தன.

மாப்பிள்ளையும் சம்பந்தி வீடும்

நம் நாட்டில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை, குடும்பத்தையும் விசாரிக்கிறார்கள். கம்பியில்லாக் கருவி வாங்குவதும் அப்படிப்பட்ட காரியமே. டிரில்தான் மாப்பிள்ளை, பாட்டரிதான் சம்பந்தி வீடு. ஒரு கம்பனியின் பாட்டரி மற்றொரு கம்பனியின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. ஆகவே ஒரு கம்பனியின் இரண்டு பாட்டரியும் ஒரு சார்ஜரும் வீட்டுக்குள் வந்துவிட்டால், பிறகு வாங்கும் ரம்பமோ, தோட்டக் கத்திரியோ, அதே கம்பனியிலிருந்துதான் வரும். பாட்டரி இல்லாத வெறும் கருவியின் விலையையும், பாட்டரியோடு சேர்ந்த பெட்டியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீதனம் எங்கே போகிறது என்பது விளங்கும்.

ஒரே குடும்பத்துப் பெயரைக் கண்டும் ஏமாறக் கூடாது. பாஷ் கம்பனியில் வீட்டு உபயோகத்துக்குப் பச்சை, தொழிலாளிகளுக்கு நீலம் என்று இரண்டு வரிசைகள் உண்டு. இரண்டும் 18 வோல்ட்தான். ஆனால் பச்சைப் பாட்டரி நீலக் கருவியில் ஏறாது. பிளாக் அண்ட் டெக்கரும் டிவால்ட்டும் ஒரே முதலாளியைச் சேர்ந்தவை. அந்த முதலாளிக் கம்பனி 2010-ல் ஸ்டான்லியோடும் இணைந்தது. அப்படியிருந்தும் அவற்றின் பாட்டரிகள் தனித் தனி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிவதை நாம் பார்த்ததில்லையா?

நல்ல சம்பந்திகளும் இல்லாமல் இல்லை. ரியோபி என்ற பெயரில் 1996-ல் வந்த 18 வோல்ட் பாட்டரியின் பொருத்தும் முறை இன்றுவரை மாறவில்லை. புதிய பாட்டரி பழைய கருவியிலும் ஏறுகிறது. டிவால்ட் 2016-ல் பெரிய பாட்டரி ஒன்றை வெளியிட்டபோது, ஏற்கனவே விற்ற 18 வோல்ட் கருவிகளிலும் அது ஓடும்படி பார்த்துக் கொண்டது. பழைய வாடிக்கைக்காரரைக் கைவிடாத இந்தக் குணத்தையே முதலில் மதிக்க வேண்டும்.

எண்களைக் கண்டு மயங்காதீர்

பெட்டியின் மேல் அச்சிட்ட எண் பெரிதாக இருந்தால் பலமும் பெரிது என்று நினைப்பது இயற்கை. விற்பவர்களுக்கும் அது தெரியும். லிதியம்-அயான் பாட்டரிக்குள் விரல் பருமனில் சிறு சிறு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சாதாரணமாக 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகச் சேர்த்தால் 18. அப்போதுதான் சார்ஜ் செய்த செல் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். அதை வைத்துக் கணக்கிட்டால் அதே பாட்டரி '20 வோல்ட்' ஆகிறது. ஐரோப்பாவில் 18 என்று விற்கும் டிவால்ட் பாட்டரி அமெரிக்காவில் 20 என்று விலை போவது இப்படித்தான். '12 வோல்ட்' என்பதும் மூன்று செல் சேர்ந்த 10.8 வோல்ட்டே.

இந்தக் கூட்டல் தெரிந்தவரை யாரும் ஏய்க்க முடியாது. பெயர் தெரியாத பெட்டி ஒன்றில் '48' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், பாட்டரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெய்யாகவே 48 வோல்ட் வேண்டுமானால் பதின்மூன்று செல்களாவது உள்ளே இருக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பாட்டரிக்குள் பதின்மூன்று எப்படி அடங்கும்?

உண்மையான கொள்ளளவை அறிய வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. வீட்டு மின்சார மீட்டரில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஆகவே ஒரு யூனிட் செலவில் இந்தப் பாட்டரியை இருபது தடவைக்குக் குறையாமல் சார்ஜ் செய்யலாம். மின்சாரச் செலவு ஒரு பொருட்டல்ல. பாட்டரியின் ஆயுள்தான் பொருட்டு.

நம் வீட்டுக்கு எது?

முதலில் சுவரைக் கவனியுங்கள். செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் கொண்ட சுவரானால், தட்டிக்கொண்டே சுழலும் 'ஹாமர்' வசதியுள்ள 18 வோல்ட் டிரில் சாதாரணக் காரியங்களுக்குப் போதும். கான்கிரீட் உத்தரமும் கூரைத் தளமும் வேறு ஜாதி. அவற்றை அடிக்கடி துளைக்க வேண்டியவர்களுக்கு அதற்கென்றே செய்த பெரிய ஹாமர் கருவி வேண்டும். சுவரைத் தொடும் உத்தேசமில்லை, மேஜை நாற்காலிகளை மாட்டிக் கழற்றுவதும் ஸ்குரு முடுக்குவதுமே வேலை என்றால், 12 வோல்ட் கருவியே உத்தமம். கனம் குறைவு, குறுகிய மூலையிலும் நுழையும், வீட்டிலுள்ள பெரியவர்களும் குழந்தைகளைவிடச் சற்றே பெரிய பிள்ளைகளும் கை வலிக்காமல் பிடிக்கலாம்.

வருஷத்துக்கு நான்கே துளை போடுகிறவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வயர் வைத்த சாதாரண டிரிலே சிக்கனம். அது பத்து மாதம் பெட்டியில் உறங்கினாலும் எழுந்தவுடன் வேலை செய்யும். பாட்டரியோ, உபயோகித்தாலும் தேயும், உபயோகிக்காவிட்டாலும் தேயும். உஷ்ணம் அதற்குப் பரம சத்துரு. சித்திரை வெயிலில் கொதிக்கும் மொட்டை மாடி அறையிலோ, மூடிய மோட்டார் வண்டியிலோ அதைப் போட்டு வைப்பது தகாது. நெடுநாள் எடுக்காமல் வைப்பதானால், பாதி சார்ஜோடு குளிர்ந்த இடத்தில் வைப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது.

'பிரஷ்லெஸ்' என்று ஒரு வார்த்தையும் காதில் விழும். பழைய மோட்டாரில் கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். புதிய வகையில் அந்த உரசல் கிடையாது. ஆகையால் தேய்மானம் குறைவு, ஒரே சார்ஜில் அதிக நேரம் ஓடும், விலையும் கூடுதல். நாள் முழுதும் வேலை செய்யும் தச்சருக்கு அந்த விலை திரும்பக் கிடைத்துவிடும். மாதம் ஒரு முறை எடுக்கும் குடும்பத்துக்கு அது அவசியமில்லை.

எந்த நாட்டுச் சாமான்?

சுதேசிப் பற்றுள்ள நேயர்கள் இதைக் கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். ஆனால் பெயர் ஒரு தேசத்தைச் சொல்லும், பிறந்த இடம் வேறாக இருக்கும். ஜெர்மன் பெயரான பாஷுக்கு மலேசியாவில் பினாங்கிலே கருவித் தொழிற்சாலை இருக்கிறது. ஜப்பானிய மகிட்டாவுக்குச் சீனாவிலும் ருமேனியாவிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பெட்டியில் தயாரான இடம் அச்சிட்டிருக்கும். கொடியைப் பார்த்து ஊகிப்பதைவிட அதைப் படிப்பது மேல். எங்கே பிறந்ததாயினும், பழுதானால் பார்க்கும் கை நம் ஊரில் இருக்கிறதா என்பதே நமக்கு முக்கியம். நம்மவர் ஒருவருக்கு ஜீவனம் அளிப்பதும் அந்தக் கைதான்.

ஆகவே கடைக்காரரிடம், கருவியின் விலையைக் கேட்பதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள். தனிப் பாட்டரி என்ன விலை? அது இன்று இந்தக் கடையில் இருக்கிறதா? பழுது பார்க்கும் நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது? உத்தரவாதம் பாட்டரிக்கும் சேர்த்தா, கருவிக்கு மட்டுமா? இதே பாட்டரியில் வேறு என்னென்ன கருவிகள் ஓடும்? பாஷ், மகிட்டா, டிவால்ட், பிளாக் அண்ட் டெக்கர் முதலிய பழைய கம்பனிகளில் எதற்கு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் உங்கள் ஊரில் நேரான பதில் கிடைக்கிறதோ, அதுவே உங்களுக்கு நல்ல கம்பனி. மதுரைக்காரருக்கு ஒன்றும் கும்பகோணத்துக்காரருக்கு வேறொன்றும் நல்லதாக அமையலாம். பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாப் பெட்டிக்கு மறு பாட்டரி எங்கே என்று கேட்டால், கடைக்காரர் கூரையைப் பார்ப்பார். அதுவே பதில்.

வாங்கிய பிறகு மறக்கக் கூடாத மூன்று. ஸ்விட்சுப் பலகைக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் வயர் ஓடக்கூடும்; அங்கே துளைக்கலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் கூரையைத் துளைக்கலாகாது. ஆயுள் முடிந்த பாட்டரியைக் குப்பையோடு போட வேண்டாம், நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ம் ஆண்டு இந்திய சர்க்கார் விதிகளின்படி, பழைய பாட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சேர்ந்தது.

இன்னும் ஒரு யோசனை. நான்கு வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் நான்கு டிரில்கள் எதற்கு? நால்வரும் பணம் போட்டு நல்லதாக ஒன்று வாங்கினால், சும்மா கிடந்து பாட்டரி கெடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் செலவு கால் பங்கு. எடுத்துப் போகிறவர் சார்ஜ் செய்து திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.